கைமாறிய பொருத்தனை

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து காலம் நெருங்கினால் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு போட்டி நடக்கும். லெந்து தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தைய கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஈஸ்டர் வரைக்கும் யார் யார் எதை விடப்போகிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். போட்டி என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒருத்தி கறியும் மீனும் விடுகிறேன் என்றால், அடுத்தவள் முட்டையையும் சேர்த்துக்கொள்வாள். அதற்கடுத்தவள் தலைக்குப் பூவே வைக்கமாட்டேன் என்பாள். ஒரு வருடம் ஒரு பெண், மாமியாரோடு சண்டை போடுவதை விடுகிறேன் என்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாமியார், "பார்ப்போம்" என்றார்.

அந்தப் போட்டியில் நான் அடித்த கூத்தையும், அதிலிருந்து என்னை இழுத்துக் கரை சேர்த்தவரையும் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இன்று காலையில் எழுந்து, பால் காய்ச்சி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன் என்றால் எனக்கு அது சாதாரண விஷயம் இல்லை. பால் பொங்குவதற்குக்கூட நன்றி சொல்கிற ஆளாகிவிட்டேன். வீட்டில் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

நான் சேலையூரில் குடியிருக்கிறேன். பள்ளியில் கணக்கு டீச்சர், சபையில் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல். கணவர் ரயில்வேயில் வேலை பார்க்கிறார். தாம்பரம் ஷெட்டில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கிற பிரிவு. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மகன் காட்டாங்குளத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற கோடை மாதங்களைத் தவிர எங்களுக்குப் பெரிய குறை ஒன்றும் கிடையாது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அது வந்தது. வாஷிங் மெஷின் சுற்றுவதைப் பார்த்தபடி நின்று அழுதேன். துணி துவைத்து முடித்துவிட்டு மெஷின் கீச்சு கீச்சென்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கையைத் தூக்கி மூடியைத் திறக்க எனக்குத் தெம்பு இல்லை. வகுப்பில் பாதிக் கணக்கில் சாக்பீஸோடு நின்றுவிட்டேன். பிள்ளைகள் நான் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்கு வாய் அசைந்தது, குரல் வரவில்லை. எல்லோரும் காரணம் கேட்டார்கள். காரணம் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

உடம்புக்கு வந்தால் எங்கள் சபை தங்கமான சபை. சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, பித்தப்பைக் கல் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லி ஜெபிப்போம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் படையெடுப்போம். மனசுக்கு வந்தால் மட்டும் எங்களுக்கு வார்த்தை சிக்காது. "ஒரு சகோதரியின் பெலவீனத்துக்காக" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வோம். "ஜெபத்துல உட்கார்றது குறைஞ்சிருக்கும்மா, அதான்" என்று ஓர் அம்மா என்னிடமே சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்தைவிடப் பெரிய தொல்லை, நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் மேல் நம்பிக்கை இருக்கிறவளுக்கு இது எப்படி வரும்?

போதகர்தான் முதலில் வழி காட்டினார். "பல் வலிச்சா ஜெபமும் பண்றோம், பல் டாக்டர்கிட்டயும் போறோம் இல்லையா? இதுக்கும் அப்படியே பண்ணலாம்மா. ரெண்டையும் பண்ணலாம்" என்றார். கணவர் மறுநாளே என்னை மேற்குத் தாம்பரத்தில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். முக்காடு போட்ட, என்னைவிட வயதில் சிறிய பெண். நான் பேசி முடிக்கும் வரை அவர் பேனாவைத் தொடவில்லை. இது டிப்ரஷன், குணமாகிற நோய்தான், நீங்கள் செய்த தப்பினால் வந்தது இல்லை என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் போட வேண்டும், நானாக நிறுத்தக் கூடாது என்றார்.

மெதுமெதுவாகத்தான் தெளிந்தது. ஒரு நாள் காலையில் மேல் வீட்டில் கடுகு தாளிக்கிற வாசனை மூக்கில் ஏறியபோது, அட, எத்தனை நாளாக வாசனையே தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று திடுக்கிட்டேன். குரல் திரும்பியது. கிறிஸ்துமஸுக்கு ஆல்டோ வரிசையில் நின்று பாடினேன். கணவர் கீழே உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பின் வந்த லெந்துக்குத்தான் என் கூத்து. கூட்டத்தில் என் முறை வந்ததும் ஐக்கியத்தின் செயலாளர் அக்கா, "நீ இன்னா விடப்போற?" என்று கேட்டார். ஸ்வீட் என்று சொல்லிவைத்தேன். ஆனால் மனசுக்குள் வேறு முடிவு எடுத்திருந்தேன். இந்த லெந்துக்கு நான் மாத்திரையை விடப்போகிறேன்!

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முழுக்க என் சொந்தக் கண்டுபிடிப்பு. எனக்கு மிகவும் தேவையானதைக் கொடுத்தால்தானே அது காணிக்கை? கறியும் மீனும் யாருக்கு வேண்டும்? மாத்திரையைக் கடவுளிடம் கொடுத்துவிட்டு அவரை மட்டும் நம்பி நின்றால், என் விசுவாசத்தில் ஓட்டை இருக்கிறது என்ற சந்தேகமும் அடைபட்டுப் போகும். கணக்கு டீச்சர் இல்லையா, ஒவ்வொரு வரியும் எனக்குச் சரியாகவே வந்தது. சாம்பல் புதன் ஆராதனையில் முழங்காலிட்டு அதைப் பொருத்தனையாகவே பண்ணிவிட்டேன். எங்களுக்குப் பொருத்தனை என்றால் சும்மா வாய் வார்த்தை இல்லை, கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. செலுத்தித்தான் ஆக வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையை எடுத்து வைக்கிற கணவரிடம், இனிமேல் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். நான் தேறிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு அவர் விட்டுவிட்டார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். பிறகு தலை சுற்றியது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சுருக் சுருக்கென்று ஷாக் அடித்தது. எடுத்ததற்கெல்லாம் எரிச்சல் வந்தது. உபவாசச் சோதனை, பல்லைக் கடித்துக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் எரிச்சலும் போய்விட்டது. கடுகு வாசனை போய்விட்டது. காலையில் கண் விழித்தால், ஏன் விழித்தோம் என்றிருந்தது. பள்ளிக்கு லீவு சொன்னேன். பாட்டுப் பயிற்சிக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் போகவில்லை. லெந்தில் ஒரு பொழுது சாப்பிடாமல் இருப்பதால்தான் வாடியிருக்கிறேன் என்று கணவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, நான் இல்லாவிட்டால் இந்த வீடு லேசாகிவிடும் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. மளிகை வாங்கிவர வேண்டும் என்று தோன்றுவது போல அவ்வளவு சாதாரணமாகத் தோன்றியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாளும் தோன்றியது. மாத்திரை அலமாரியில்தான் இருந்தது. ஆனால் எடுக்க முடியவில்லை. பொருத்தனையை உடைத்தால் அந்தத் தண்டனை என் மகன் தலையில் விழும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது மனசு. மாத்திரை போட்டால் பிள்ளைக்கு ஆபத்து, போடாவிட்டால் எனக்கு. இப்படி ஒரு மூலையில் போய்ச் சிக்கிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை செயலாளர் அக்கா வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்து வளர்ந்ததெல்லாம் தாம்பரம். தொலைபேசித் துறையில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் போடுகிற டிரங்க் கால் லைனில் கத்திக் கத்திப் பழகிய குரல். அவர் ஜெபம் பண்ணினால் பரலோகத்துக்கே டிரங்க் கால் போட்டது போல இருக்கும். எங்கள் பாடகர் குழுவில் அவரைப் போலப் பேசிக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பது நான்தான். அவருக்கும் அது தெரியும்.

கதவைத் திறந்தவளை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா இது, மூஞ்சி இப்பிடி கீது? ஸ்வீட் துன்னாததுக்கா இப்டி ஆயிட்ட?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொல்லவும் தெம்பு இல்லை. "ஸ்வீட் இல்லக்கா. மாத்திரையை விட்டுட்டேன்."

"எந்த மாத்திர?"

"மனசுக்குப் போடற மாத்திரை."

நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பொருத்தனையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. முடிந்ததும் என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"நேரா கேக்கறேன். மறைக்காத சொல்லு. செத்துப்போலாம்னு தோணுதா உனக்கு?"

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் சுற்றி வளைத்துச் சந்தோஷமாக இரு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். "தோணுதுக்கா" என்றேன். கனமான பையின் இன்னொரு கைப்பிடியை யாரோ வாங்கிக்கொண்டது போல இருந்தது.

அது பெரிய பாவம் என்று அக்கா சொல்லவில்லை. வசனமும் சொல்லவில்லை. என் கையை விடாமலே மற்றக் கையால் போனை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டார். "தம்பி, வேலைய யாராண்டயாவது குட்த்துட்டு வூட்டுக்கு வா. இப்பவே வா." அந்தக் குரலுக்குப் போனே தேவையில்லை, ஷெட்டுக்கு நேரடியாகவே கேட்டிருக்கும்.

கணவர் கையில் கிரீஸ் கறையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வாம்மா, டாக்டர்கிட்ட போலாம்" என்றார்.

"வரேங்க. ஆனா மாத்திரை போட மாட்டேன். ஈஸ்டர் வரைக்கும்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். உடைச்சா பையனுக்கு ஏதாவது ஆயிடும்."

"அவர் இதைக் கேட்டாராம்மா உன்கிட்ட?" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதைப் பார்த்தும் நான் மசியவில்லை. என் பிடிவாதம் அப்படி. அந்த நோயின் பிடிவாதம் என்றுதான் இப்போது சொல்வேன்.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. ஒடைக்க வேணாம்" என்றார். "பொருத்தனைன்றது வெளாட்டு இல்ல. நீ ஒடைக்க வேணாம். அத்த எனக்குக் குட்த்துடு."

எனக்குப் புரியவில்லை. அவர் மூட்டுவலிக்காரர். கோயிலில்கூட நாற்காலியில்தான் உட்காருவார். அன்றைக்கு எங்கள் சோபாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல முழங்காலில் இறங்கினார். டிரங்க் கால் குரல் இல்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற குரல்.

"ஆண்டவரே, இவ உங்களாண்ட ஒண்ணு சொல்லிகினா. அறியாம சொல்லிட்டா. அத்த நான் வாங்கிக்கறேன். இன்னிலேந்து ஈஸ்டர் வரைக்கும் நான் காபிய வுட்டுட்றேன். ஒரு சொட்டு குடிக்கமாட்டேன். இனிமே இந்தக் கணக்க இவளாண்டயும் இவ புள்ளையாண்டயும் கேக்காதீங்க. என்னாண்ட கேளுங்க. ஆமென்."

அக்காவுக்குக் காபி என்றால் என்னவென்று தாம்பரத்துக்கே தெரியும். ஆராதனை நீண்டுபோனால் பிரசங்கியாரை முறைப்பவர் அவர். பல் விளக்கியதும் ஒன்று, அப்பால ஒன்று, காலை நாஷ்டாவோடு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு லெந்திலும் எதையெதையோ விடுவார், காபிப் பக்கம் மட்டும் போகவே மாட்டார். "அத்த மட்டும் கேக்காதீங்கோ ஆண்டவரே" என்று எங்கள் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்.

"கணக்கு சரியா வரலையேக்கா" என்றேன். "என் மாத்திரையும் உங்க காபியும் எப்படி ஒண்ணாகும்?"

"உன் கணக்கெல்லாம் இஸ்கூலோட வெச்சிக்க. கைய குடு, என்னால எழுந்துக்க முடியல. எழுந்ததும் போய் மூஞ்ச கழுவு."

அவரை நானும் கணவருமாகத் தூக்கிவிட்டோம். நான் போய் முகம் கழுவினேன். இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான், உள்ளே ஏதோ முடிச்சு அவிழ்ந்திருந்தது. வாக்கு என்னிடம் இல்லை. அது வேறொருவரிடம் பத்திரமாக இருந்தது. என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு மேற்குத் தாம்பரம் போனோம். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அக்கா கேட்ட அதே கேள்வியை அவரும் நேராகவே கேட்டார். "இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும். நீங்க தோத்துப்போனதா நினைக்காதீங்க" என்றார். மறுபடியும் எப்படித் தொடங்க வேண்டும் என்று அளவு எழுதிக் கொடுத்தார். வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதுவரை என்னைத் தனியாக விடக் கூடாது என்று கணவரிடம் சொன்னார். "நாங்க கீறோம் டாக்டர்" என்றார் அக்கா.

கிளம்பும்போது டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் இன்னிக்கு நோன்புலதான் இருக்கேன். உடம்பு முடியாதவங்களை எங்கள்ல நோன்பு பிடிக்கச் சொல்றது இல்லை. அவங்க கஷ்டப்படணும்னு அல்லாஹ் கேக்கலை. உங்க கடவுளும் கேக்க மாட்டார்னுதான் நினைக்கிறேன்." அவருடைய உதடு வறண்டிருந்தது. எனக்குச் சொல்வதற்காகத் தன் நோன்பைப் பற்றிப் பேசிய அந்தப் பெண்ணை நான் தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன்.

அன்று இரவு கணவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். போட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் எங்கள் வீடு பெண்கள் ஐக்கியத்தின் கைக்குப் போனது. என்னைக் கேட்டு, என் சம்மதத்தோடுதான் அக்கா அவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். பெலவீனம் என்று மூடி மறைக்காமல் நோயின் பெயரோடு சொன்னார். கணவர் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் யாராவது ஒருவர் வந்தார். முதல் நாள் வந்தவர் பையைத் திறந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்ததும் அக்கா கையமர்த்திவிட்டார். "ஜெபத்த அவங்கவங்க வூட்ல பண்ணுங்க. இங்க வந்தா பாத்தரம் கழுவுங்க." அப்படியே செய்தார்கள். ஜெபம் குறைந்திருக்கும் என்று சொன்ன அம்மாவும் வந்தார். உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்துவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் மேல் இருந்த கோபத்தை அன்றோடு விட்டேன். அந்த லெந்தில் நான் உருப்படியாக விட்டது அது ஒன்றுதான்.

போதகரிடம் கணவர் போய்ச் சந்தேகம் கேட்டார், ஒருவருடைய பொருத்தனையை இன்னொருவர் வாங்கிக்கொள்ள முடியுமா என்று. போதகர் வீட்டுக்கே வந்து பதில் சொன்னார். "உயிருக்கு ஆபத்தா இருக்கிற பொருத்தனை செல்லவே செல்லாதும்மா. நீ பண்ணினது செல்லாது. ஆனா அக்கா பண்ணினது செல்லும். அவங்க காபி குடிக்கக் கூடாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று கணவர் சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை.

காபி இல்லாத அக்காவோடு காலம் தள்ளியவர்களுக்குத்தான் லெந்தின் கஷ்டம் தெரியும். காய்கறி வண்டிக்காரரிலிருந்து கோயில் உதவியாளர் வரை யாரும் தப்பவில்லை. தலைவலியில் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். "பேஜாரா கீதுமா" என்று முனகிக்கொண்டே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். மேல் வீட்டிலிருந்து டிகாஷன் வாசனை இறங்கினால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். குடித்துவிடுங்கள் அக்கா, எனக்கு இப்போது பயம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "உன்னாண்ட வாங்கிகினது. நீ பேசாத" என்றார்.

பெரிய வெள்ளி வந்தது. பாடகர் குழுவோடு நின்று பாட எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. கணவரோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மின்விசிறி வெக்கையைத்தான் வாரி இறைத்தது. உச்சிப் பொழுதில் தொடங்கி மூன்று மணி வரை நடக்கிற மும்மணி ஆராதனையில் போதகர் சிலுவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நம்முடைய பாரத்தை, நமக்குப் பதிலாக, தாமே சுமந்தார் என்றார். ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டு வருகிற செய்தி. பரீட்சை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன்.

எனக்கு முன்னால் சில வரிசைகள் தள்ளி அக்காவின் முதுகு தெரிந்தது. வெள்ளைச் சேலை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைவலி தாங்காமல் எதிரே இருந்த பெஞ்சின் மேல் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அந்த வலி என்னுடையது. நான் பட வேண்டியதை அக்கா பட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன், பாடியிருக்கிறேன், எனக்காக ஒருவர் பட்டார் என்பதை நான் நம்பியது அந்த முதுகைப் பார்த்தபோதுதான். அழுகை வந்தது. வாஷிங் மெஷின் முன்னால் நின்று அழுத அழுகை இல்லை அது. கணவர் பயந்துபோய் என் பக்கம் திரும்பினார். ஒன்றும் இல்லை என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினார்கள். வரிசையில் அக்காவுக்குப் பின்னால் போய் நின்றேன். எவ்வளவோ சொல்ல நினைத்து, "அக்கா, உங்களாலதான் நான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நேத்து மாத்திர போட்டியா?"

"போட்டேன்க்கா."

"இன்னிக்கும் போடு" என்றவர் தன் டம்ளரை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். கஞ்சியில் தேங்காயும் வெந்தயமும் மணந்தன. எனக்குப் பசித்தது. நின்ற இடத்திலேயே முழுவதையும் குடித்துவிட்டு, வெட்கப்படாமல் மறுபடியும் வரிசையில் போய் நின்றேன்.